ஒரு கவளத்தின் உரிமை

உண்ணும் உணவைக் குறித்து மனிதன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று உள்ளன. இது எனக்கு ஆகுமா என்பது முதற் கேள்வி. இந்த அளவும் இந்தச் செலவும் எனக்குத் தகுமா என்பது இரண்டாவது. இது என் கைக்கு வந்து சேர எவர் கை நொந்தது என்பது மூன்றாவது. முதற் கேள்விக்கு விடை கூற ஃபிக்ஹு நூல்கள் இருக்கின்றன. இரண்டாவதற்கு விடை கூற வீட்டின் மூத்தோரும், வேண்டுமானால் மருத்துவரும் இருக்கின்றனர். மூன்றாவது கேள்வியோ நம்மிடையே பெரும்பாலும் எழுவதே இல்லை. எழாத அந்தக் கேள்வி எவ்வளவு கனமானது என்பதையே ஈண்டுச் சிந்திக்க விழைகிறோம்.

இச்சிந்தனைக்கு வித்திட்டது ஒரு கடிதம். நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் பாங்காக் நகரில் மாணிக்க வாணிபம் செய்து வருகிறார். காயல்பட்டினம் போன்ற நம் கடற்கரையூர்களின் வணிகர்கள் நெடுங்காலமாக அந்நகரின் மாணிக்கச் சந்தையில் இருந்து வருவது நேயர்கள் அறிந்ததே. அவருடைய தந்தையார் முப்பது ஆண்டுகள் கப்பலில் பண்டாரியாக இருந்து ஊராருக்கெல்லாம் ஆக்கிப் போட்டவர். அவர் இப்போது மகனைக் காண வரவிருக்கிறார். அந்நகரில் கடல் உணவுக்குப் பேர்பெற்ற உயர்தர உணவகம் ஒன்றில் தந்தையை ஒருமுறை அமர்த்தி, பிறர் பரிமாற அவர் உண்பதைக் கண்ணாரக் காண வேண்டும் என்பது மகனின் ஆசை. ஆனால் அங்கே ஒருவர் உண்ணும் செலவு ஆயிரக்கணக்கான பாட். தாய்லாந்தில் 2025 ஜனவரியில் குறைந்தபட்ச நாட்கூலி, மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்டு, 337 பாட் முதல் 400 பாட் வரையில்தான் இருந்தது. ஆகவே, 'இது தந்தைக்குச் செய்யும் உபகாரமா, அன்றி இஸ்ராஃபா?' என்று அவர் கேட்டிருந்தார். ஒரு வரியில் விடை எழுதி அனுப்ப மனம் ஒப்பவில்லை. கேள்வி அவருடையது மட்டும் அன்று. பிழைக்கச் சென்ற நாடுகளில் நம் பிள்ளைகள் பலரும் இத்தகைய மேசைகளுக்கு முன் அமரும் காலம் இது.

அந்த உணவகங்கள் எத்தகையவை என்பதை முதலில் அறிந்துகொள்வோம். உணவுப் பட்டியலைப் பார்த்து நாம் வேண்டியதைக் கேட்டு வாங்கி உண்பது அங்கே வழக்கமில்லை. எதை, எந்த வரிசையில், எவ்வளவு உண்ண வேண்டும் என்பதைச் சமையற்கலைஞரே முடிவு செய்கிறார். பத்து, பதினைந்து, சில இடங்களில் இருபதுக்கும் மேற்பட்ட சிறு தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றிலும் ஓரிரு கவளமே இருக்கும். முழு விருந்தும் முடிய மூன்று மணி நேரம் ஆகலாம். நீலக்கால் நண்டின் சதை, ஆற்று இறால், கணவாய், கொடுவா மீன் எனக் கடலும் கழிமுகமும் தரும் செல்வங்கள் தேங்காய்ப்பாலிலும் புளியிலும் எலுமிச்சைப் புல்லிலும் தோய்ந்து வரும். நெத்திலியையும் உப்பையும் சேர்த்துப் பல மாதங்கள் ஊறவைத்து வடித்த மீன்நீரும், கூனிறாலை உப்பிட்டு இடித்துக் காயவைத்த 'கபி' என்னும் விழுதும் அச்சமையலின் உயிர் எனலாம்.

ஏழை மீனவரின் அடுப்படியில் பிறந்த இச்சமையல் செல்வர்களின் மேசைக்கு ஏறிய கதையும் சுவையானது. 2001இல் டேவிட் தாம்ப்சன் என்னும் ஆஸ்திரேலியர் லண்டனில் 'நாம்' என்ற தாய்லாந்து உணவகத்தைத் தொடங்கினார். அந்நாட்டு மொழியில் அச்சொல்லுக்கு நீர் என்று பொருள். விரைவிலேயே அதற்கு மிஷலின் நட்சத்திரம் கிட்டியது. மிஷலின் என்பது பிரான்சு நாட்டு டயர் நிறுவனம். மோட்டார் வண்டியில் செல்வோருக்காக 1900இல் அது வெளியிட்ட கையேடு, 1926 முதல் உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கத் தொடங்கிற்று. பாங்காக் நகருக்கான கையேடு முதன்முறை வெளிவந்தது 2017 டிசம்பரில். தென் தாய்லாந்தின் சமையலை அளிக்கும் 'சோர்ன்' என்னும் பாங்காக் உணவகம் 2024 நவம்பரில் மூன்று நட்சத்திரங்களைப் பெற்றது. தாய்லாந்து உணவுக்காக அம்மதிப்பை எய்திய முதல் உணவகம் அதுவே. தென் தாய்லாந்து என்றதும் நம் நினைவுக்கு வருவது பட்டாணி, யாலா, நராத்திவாட் மாகாணங்களின் மலாய் முஸ்லிம்கள். அவர்களும் நம் கடற்கரை மக்களைப் போல ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோரே. அந்நாட்டின் புகழ்பெற்ற 'மஸ்ஸமான்' கறியின் பெயரும் 'முசல்மான்' என்னும் சொல்லின் திரிபு என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. அம்மேசை நமக்கு முற்றிலும் அந்நியமானது அன்று.

இனி முதற் கேள்விக்கு வருவோம். கடல் வேட்டையையும் அதன் உணவையும் ஆகுமாக்கும் இறைவசனம் திருமறையின் மாயிதா அத்தியாயத்தில் 96ஆவது வசனமாக அமைந்துள்ளது. கடலின் நீர் தூய்மை தருவது என்றும் அதில் தானே இறந்ததும் ஆகுமானது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக ஹதீது உண்டு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் வழியில் கடல்வாழ் உயிர்கள் பரவலாக ஆகுமானவை. நீரிலும் நிலத்திலும் வாழ்வனவற்றில் மட்டும் விலக்கும் விவாதமும் உண்டு. நண்டைப் பற்றி அம்மத்ஹபின் அறிஞர்களுக்குள்ளேயே இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. ஹனஃபி மத்ஹபில் மீன் மட்டுமே ஆகும். இறால் மீனா அன்றா என்பதில் அவர்களிடையே நீண்ட ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஒரே பந்தியில் இறாலை ஒருவர் விரும்பி உண்பதும் மற்றவர் ஒதுக்கி வைப்பதும் நம் தமிழகத்தில் பழகிய காட்சி. இதில் எவரும் எவரையும் குறை கூறுவதற்கில்லை.

மதுவும் பன்றியும் தனிச் செய்தி. பன்றிக் கொழுப்பு அந்நாட்டுச் சமையலில் பரவலாகப் புழங்குவது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மது என இணைத்துப் பரிமாறுவதும் இத்தகைய உணவகங்களில் வழக்கம். மது சுற்றி வரும் பந்தியில் அமரலாகாது என்று நபிமொழி தடுக்கிறது. ஆகவே முன்பதிவு செய்யும்போதே தன் நெறியைத் தெளிவாகக் கூறி, இரண்டும் தன் மேசைக்கு வாரா என்ற உறுதியைப் பெறுவது கடமை. அவ்வுறுதி கிடைக்காவிடில் அவ்விடத்தை விட்டுவிடுவதே முறை. தாய்லாந்தில் மத்திய இஸ்லாமியக் கவுன்சில் ஹலால் சான்று வழங்குகிறது. சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் ஹலால் அறிவியலுக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. முஸ்லிம்கள் நடத்தும் நல்ல உணவகங்களும் உண்டு. தேடுவோருக்கு வழி இருக்கிறது. முதற் கேள்வி இவ்வளவில் அடங்குகிறது.

இரண்டாவது கேள்வி இதைவிட நுட்பமானது. ஆகுமான பொருளையும் அளவு மீறி நுகர்ந்தால் அது இஸ்ராஃப் ஆகிறது. ஆனால் அளவு என்பது யாது? வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என வகுத்த நாயகத்தின் அறிவுரை நம் பிள்ளைகளும் அறிந்தது. வள்ளுவர் உணவின் அளவைப் பேச எடுத்துக்கொண்ட அதிகாரத்துக்கு 'மருந்து' என்று பெயர். அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், ஓரிரு கவளமாக வரும் இச்சிறு தட்டுகள் நம் கல்யாணப் பந்திகளைவிடச் சிக்கனமானவை என்று வாதிடவும் இடமுண்டு. நம் பந்திகளில் எச்சிலாகக் கொட்டப்படும் சோற்றையும் இறைச்சியையும் கண்டவர் எவரும், விலை உயர்ந்த மேசையை மட்டும் சுட்டி இஸ்ராஃப் என்று பேசத் துணியார்.

இங்கே இரண்டு வழுக்கு நிலங்கள் உள்ளன. இன்பம் தருவதெல்லாம் தக்வாவுக்குப் பகை என்று எண்ணுவது ஒன்று. மாயிதா அத்தியாயத்தின் 87ஆம் வசனம், அல்லாஹ் ஆகுமாக்கிய நல்லவற்றை நீங்களே விலக்கிக்கொள்ளாதீர் என்ற கருத்தைத் தருகிறது. அதே வசனம் வரம்பு மீறாதீர் என்றும் எச்சரிக்கிறது. ஒரு கலைஞன் பல ஆண்டுகள் கற்றுத் தேர்ந்து ஒரு நண்டின் சுவையைத் துலக்கிக் காட்டுகிறான் என்றால், அச்சுவையை அனுபவிப்பதில் பாவம் இல்லை. அது படைத்தவனின் கைத்திறனை அறியும் வாயிலும் ஆகும். காசு என்னுடையது, செலவும் என்னுடையது, கேட்க நீ யார் என்று எண்ணுவது மற்றொன்று. செல்வம் அமானிதம் என்பதை மறந்தவர் பேச்சு அது.

இவ்விரு வழுக்கலுக்கும் நடுவே நிற்கக் கற்றுத் தரும் இரு நிகழ்ச்சிகள் ஹதீது நூல்களில் உள்ளன. இரண்டிலும் வருபவர் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் முந்நூறு தோழர்கள் கடற்கரையை நோக்கி அனுப்பப்பட்டனர். அவர்களிடம் இருந்த உணவு பேரீச்சம்பழம் மட்டுமே. அதுவும் குறைந்து, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பழம் என்றாயிற்று. குழந்தை பால் குடிப்பதுபோல் அப்பழத்தைச் சுவைத்து, மேலே தண்ணீரைக் குடித்து நாளைக் கழித்தனர். மரத்தின் இலைகளையும் அடித்து உதிர்த்துத் தின்றனர். அந்நிலையில் குன்றுபோன்ற பெருமீன் ஒன்று கரையொதுங்கக் கண்டனர். தானே செத்தது ஆயிற்றே என்று தலைவர் முதலில் தயங்கினார். பின்னர், நாம் இறைத்தூதரால் அனுப்பப்பட்டவர்கள், நெருக்கடியிலும் இருக்கிறோம் என்று எண்ணி உண்ண இசைந்தார். அவர்கள் பல நாட்கள் அதை உண்டு உடல் தேறினர். மதீனா திரும்பி நாயகத்திடம் கூறியபோது, அது அல்லாஹ் உங்களுக்காக வெளிப்படுத்திய ரிஸ்கு என்று அவர்கள் தெளிவுபடுத்தினர். அத்துடன் நில்லாமல், மீதம் இருந்தால் தமக்கும் தருமாறு கேட்டு வாங்கி உண்டார்கள். பசித்தவருக்கு மட்டுமே ஆகும் பொருளாக இருந்தால், பசியின் நெருக்கடி இல்லாத இடத்தில் அவர்கள் அதை உண்டிருப்பார்களா? கடலின் உணவு எல்லா நிலையிலும் தூயது என்று தோழர்களின் உள்ளம் அமைதி கொள்ளவே அவ்வாறு செய்தார்கள் என்பது அறிஞர்கள் தரும் விளக்கம்.

அதே ஜாபிர் (ரலி) அவர்கள் பிற்காலத்தில் ஒருநாள் கடைத்தெருவில் இறைச்சி வாங்கிக்கொண்டு செல்கையில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் எதிர்ப்பட்டார்கள். இது என்ன என்று கேட்க, இறைச்சி உண்ண ஆசை எழுந்தது, ஒரு திர்ஹமுக்கு வாங்கினேன் என்றார் ஜாபிர். அண்டை வீட்டாருக்காகவோ தன் சிற்றப்பன் மகனுக்காகவோ உங்களில் ஒருவர் தம் வயிற்றைச் சற்றுச் சுருக்கிக்கொள்ள மாட்டாரா என்ற கருத்துப்பட உமர் (ரலி) கடிந்துகொண்டதாக முவத்தா நூல் பதிவு செய்கிறது. அந்த இறைச்சி ஹராம் அன்று, அளவும் மிகுதி அன்று, விலையோ ஒரு திர்ஹம். அப்படியிருந்தும் கேள்வி பிறந்தது. ஏன்? உண்பவன் தன் ஆசைக்கும் தன் தட்டுக்கும் இடையில் வேறு எவரையும் காணவில்லை என்பதே உமரின் கவலை. இரண்டாவது கேள்வி நம்மை மூன்றாவதன் வாயிலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

இத்தகைய உணவகங்களில் பரிமாறுவோர் ஒவ்வொரு தட்டையும் வைக்கும்போது அதன் வரலாற்றை விளக்குவர். இந்த நண்டு எந்த மாகாணத்தின் கரையிலிருந்து வந்தது, இந்த இறால் எந்த ஆற்றில் வளர்ந்தது, இந்த உப்பு எந்த உப்பளத்தில் விளைந்தது என்றெல்லாம் கேட்கக் கேட்க வியப்புண்டாகும். உணவின் பிறப்பிடத்தை மதிக்கும் அப்பண்பு பாராட்டுக்குரியது. ஆயினும் நாம் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மீனின் ஊர் சொல்லப்படுகிறது. அதைப் பிடித்தவன் எந்த ஊர், அவனுக்குக் கூலி கிடைத்ததா, அவன் கரை திரும்பினானா என்பது அக்கதையில் வருவது அரிது.

அது ஏன் வர வேண்டும் என்பதற்கு அண்மைக்கால வரலாறே சான்று. 2014 ஜூனில் லண்டனின் கார்டியன் நாளிதழ், தாய்லாந்துக் கடல்தொழிலில் மியன்மாரிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் வந்த ஏழைகள் படகுகளில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்ததை வெளியிட்டது. அவர்கள் பிடித்த சிறுமீன்கள் தூளாக்கப்பட்டு, பண்ணை இறாலுக்குத் தீவனமாயின. அந்த இறால் மேலைநாட்டு அங்காடிகளில் விற்கப்பட்டது. 2015இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், கிழக்கு இந்தோனேசியாவின் பெஞ்சினா என்னும் தீவுக் கிராமத்தில் மனிதர்கள் கூண்டிலேயே அடைக்கப்பட்டிருந்ததை உலகறியச் செய்தது. அவர்கள் பிடித்த மீன் தாய்லாந்துத் துறைமுகத்துக்குச் சென்று, பிற மீன்களோடு கலந்து, அமெரிக்கக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும், பூனை நாய்களின் தீனிக்கும்கூடப் போயிற்று. அச்செய்திகளின் விளைவாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். 2016இல் அப்பணிக்குப் புலிட்சர் பரிசு வழங்கப்பட்டது.

உலகம் பார்க்கத் தொடங்கியதும் மாற்றங்களும் வந்தன. 2015 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் தாய்லாந்துக்கு எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை காட்டியது. அதன்பின் சட்டங்கள் திருத்தப்பட்டன. படகுகள் கண்காணிக்கப்பட்டன. 2019 ஜனவரியில் அவ்வெச்சரிக்கை நீக்கப்பட்டது. அதே மாதத்தில் கடல்தொழிலாளருக்கு எழுத்து ஒப்பந்தம், ஓய்வு நேரம், மருத்துவ வசதி ஆகியவற்றை வலியுறுத்தும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 188ஆம் உடன்படிக்கையை ஆசியாவிலேயே முதல் நாடாகத் தாய்லாந்து ஏற்றுக்கொண்டது. எனினும் 2023க்குப் பின் அச்சட்டங்களைத் தளர்த்தும் முயற்சிகள் எழுந்தன. தொழிலாளர் உரிமைக்காகப் பாடுபடுவோர் அவற்றை எதிர்த்தனர். கண் மூடினால் பழைய இருள் திரும்பிவிடும் என்னும் அச்சமே அவ்வெதிர்ப்புக்குக் காரணம்.

இவ்வரலாற்றில் நம் சிந்தனையைப் புரட்டிப் போடும் உண்மை ஒன்று பொதிந்துள்ளது. அடிமையின் உழைப்பு சென்று சேர்ந்த இடம் பெரும்பாலும் மலிவான தட்டு. அங்காடியில் குவித்து வைத்த குறைந்த விலை இறாலிலும், விலங்குத் தீனியிலும் அது கலந்திருந்தது. விலை உயர்ந்தது பாவம், விலை குறைந்தது புண்ணியம் என்று எளிதாகத் தீர்ப்பளிப்போரின் வாதம் இங்கே நொறுங்குகிறது. ஒரு பொருள் மலிவாகக் கிடைக்கும்போது, மீதி விலையை வேறு எவரோ தம் உடலால் செலுத்தியிருக்கக்கூடும். அவ்வாறே, விலை உயர்ந்துவிட்டதாலேயே அது உழைத்தவன் கைக்குப் போயிற்று என்று கொள்வதற்கும் இல்லை. விளக்கொளிக்கும் வாடகைக்கும் புகழுக்கும் போய்விட்டு, படகுக்குப் பழைய கூலியே சென்றிருக்கலாம். விலைச் சீட்டு எதையும் சொல்லாது. கேட்டால்தான் தெரியும்.

கேட்பது முறையா? மார்க்கம் கற்றோர் உடனே எழுப்பும் தடை இது. விருந்துக்கு அழைத்தவர் வைக்கும் உணவை எங்கிருந்து வந்தது என்று துருவக் கூடாது என்ற ஒழுக்கம் நம்மிடையே உண்டு. உண்மைதான். ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் ஹலால் ஹராம் பகுதியில், எப்போது கேட்க வேண்டும், எப்போது கேட்காமல் விட வேண்டும் என்பதற்கே ஒரு தனி இயல் வகுத்துள்ளார்கள். அன்போடு அழைத்த நல்லவரின் மனத்தைக் கேள்வியால் புண்படுத்துவது தகாது. சந்தையில் பொருள் வாங்குபவனின் நிலை வேறு. ஐயத்துக்கு அடையாளம் கண்ட இடத்தில் அவன் விசாரிப்பதே பேணுதல்.

நம் மாணவர் செல்லவிருக்கும் உணவகத்தில் அவர் விருந்தினரா, வாங்குபவரா? விருந்து என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். புதிதாய் வந்தவரே விருந்து. வந்தவரிடம் எதையும் எதிர்பாராமல் இடுவதே விருந்தோம்பல். உயர்தர உணவகங்கள் வருவோரை இனிய மொழியால் 'விருந்தினர்' என்றே அழைக்கின்றன. இறுதியில் விலைச்சீட்டு வருகிறது. விலைச்சீட்டு வரும் இடத்தில் உண்பவர் வாங்குபவரே ஆவார். ஆதலின் கேட்பது அவருக்கு உரிமையும் ஆகும், கடமையும் ஆகும். ஒவ்வொரு தட்டின் கதையையும் விரித்துரைக்கும் பரிமாறுவோரிடம், இதைப் பிடித்தவர் யார், அவரிடம் நீங்கள் நேரே வாங்குகிறீர்களா என்று பணிவோடு வினவுவதில் பண்புக்குறை ஏதும் இல்லை. தன் தொழிலில் நேர்மையுள்ள சமையற்கலைஞர் அக்கேள்வியை வரவேற்பார். மழுப்பலாக விடை வந்தால் அதுவும் ஒரு விடையே.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனை அன்று. தாய்லாந்து வளைகுடாவின் கரைகளில் சிற்றூர் மீனவர்கள் 'நண்டு வங்கி' என்னும் ஓர் ஏற்பாட்டை நடத்தி வருகின்றனர். வலையில் சினை நண்டு சிக்கினால் அதை உடனே விற்பதில்லை. பொது இடத்தில் தொட்டியிலோ கூண்டிலோ ஒப்படைக்கின்றனர். அது முட்டைகளை வெளியிடும் வரை வைத்திருந்து, குஞ்சுகள் கடலுக்குச் சென்றபின்னரே விற்கின்றனர். ஒரு நீலக்கால் நண்டு இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமப்பது. இன்று கிடைக்கும் சில பாட்டை நாளைய கடலுக்காகத் தள்ளிப்போடும் ஏழையின் கை அது. அத்தகைய ஊரிலிருந்து நேரே, நியாய விலைக்கு நண்டு வாங்கும் உணவகம், தன் மேசைக்கு வருபவரின் செல்வத்தை அந்தக் கைக்குக் கொண்டு சேர்க்கிறது. அங்கே கொடுக்கும் கூடுதல் காசு வீண் செலவாகுமா என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஓர் அறிவுரையில் இந்த ஆய்வின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பணியாளர் உங்களுக்கு உணவு கொண்டுவந்தால் அவரை உடன் அமர்த்துங்கள். இயலாவிடில் ஓரிரு கவளமாவது அவருக்குக் கொடுங்கள். ஏனெனில் அவரே அதன் வெம்மையையும் உழைப்பையும் தாங்கியவர். இக்கருத்துடைய ஹதீது புகாரியில் பதிவாகியுள்ளது. அடுப்பின் வெம்மையைத் தாங்கியவருக்கு அந்தத் தட்டில் உரிமை உண்டென்றால், நடுக்கடலின் வெயிலையும் உப்பையும் அலையையும் தாங்கியவருக்கு இல்லையா? அக்காலத்தில் சமைத்தவர் கண்ணெதிரே நின்றார். இன்று அவர் ஆயிரம் கல் தொலைவில் இருக்கிறார். தொலைவு கூடியதால் உரிமை குறைந்துவிடாது. அதைச் செலுத்தும் வழி மாத்திரமே மாறியிருக்கிறது. அவருக்குரிய கவளம், நியாயமான கூலியாகப் போய்ச் சேர வேண்டும். அது போய்ச் சேர்ந்ததா என்று விசாரிப்பதே நம்மால் அவரை உடன் அமர்த்தக்கூடிய வழி.

ஒவ்வொரு கவளத்துக்கும் இப்படி விசாரித்தால் வாழ முடியுமா என்பார் உளர். முடியாதுதான். மார்க்கமும் அவ்வளவு சுமத்தவில்லை. கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பேணுதலை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். வெளிப்படையான ஹராமை விலக்குவது முதற்படி. ஐயத்துக்குரியதை விடுவது அடுத்தது. தீமைக்கு இட்டுச் செல்லும் என அஞ்சி ஆகுமானதையும் விடுவது மூன்றாவது. அல்லாஹ்வுக்காக அன்றி எதையும் நாடாமை நான்காவது. அனைவரும் நான்காம் படியில் நிற்க இயலாது. ஆனால் பல நாட்கூலியை ஒரு வேளை உணவுக்குச் செலவிடும் வசதி படைத்தவர், இரண்டாம் படிக்காவது ஏறிப் பார்க்க முடியாது என்று கூறுவது பொருந்தாது. வசதி கூடக் கூட விசாரணையும் கூடுகிறது. ஒருநாள் பசியோடு வெளிவந்த நாயகமும் அபூபக்ர், உமர் (ரலி) ஆகிய இருவரும் அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் பேரீச்சம்பழமும் ஆட்டிறைச்சியும் உண்டு குளிர்ந்த நீரும் அருந்தியபோது, இந்த அருட்கொடையைப் பற்றியும் மறுமையில் கேட்கப்படுவீர்கள் என்று நாயகம் உரைத்ததை நாம் மறக்கலாகாது. பசித்து உண்ட பழத்துக்கே கேள்வி உண்டு.

ஆகவே நம் மாணவருக்கு நாம் எழுதும் விடை இதுவே. தந்தையை அழைத்துச் செல்க. ஆயுளெல்லாம் அடுப்பின் வெம்மையைத் தாங்கியவரை அமரவைத்துப் பரிமாறச் செய்வது மகனுக்குரிய நன்றிக்கடன். கடனின்றி, பிற கடமைகளைக் குறைக்காமல், மதுவும் பன்றியும் இல்லை என உறுதி பெற்று அமர்க. எத்தனை நட்சத்திரம் என்பதைக் கொண்டு இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தன் மீனவரை அறிந்த உணவகமா என விசாரித்துத் தேர்ந்தெடுங்கள். அந்த மேசைக்குச் செலவிடும் தொகைக்கு ஈடாக ஏழையருக்கும் ஒரு பங்கு ஒதுக்கினால், உமர் (ரலி) அவர்கள் கேட்ட கேள்விக்கும் ஒருவாறு விடை சொன்னவர் ஆவீர்.

பாங்காக் செல்லாத நம் குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2024 மார்ச்சில் இதே அசோசியேட்டட் பிரஸ், ஏற்றுமதிக்காக இறால் உரிக்கும் ஆந்திரக் கடலோரப் பெண்களின் துன்பத்தைப் பற்றி எழுதியது. உரித்துச் சுத்தம் செய்து பொட்டலமாக வரும் இறால் நம் வீடுகளிலும் புழங்குகிறது. அதை உரித்த விரல்கள் குளிரில் எவ்வளவு நேரம் மரத்துப் போயின என்பது பொட்டலத்தில் எழுதப்படுவதில்லை. ஊர்ச் சந்தையில் கூடையோடு அமர்ந்திருக்கும் மீன்காரப் பெண்ணிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசி வென்றுவிட்டதாக மகிழும் நாமும் அந்த மூன்றாவது கேள்விக்கு உட்பட்டவர்களே.

கடல் வேட்டையை ஆகுமாக்கிய மாயிதா அத்தியாயம், அப்பெயரைப் பெற்றதே ஓர் உணவு மேசையால்தான். ஈசா நபி (அலை) அவர்களின் சீடர்கள் வானிலிருந்து உணவு மேசை இறங்க வேண்டினர். அது அருளப்படும், ஆனால் அதன்பின் நன்றி மறப்போர்க்குத் தண்டனை கடுமையாக இருக்கும் என்னும் எச்சரிக்கையோடு அந்நிகழ்ச்சி அங்கே கூறப்படுகிறது. கடலின் உணவுக்கு அனுமதியும், நல்லதை விலக்காதீர் என்ற கட்டளையும், மேசைக்குப் பின் வரும் விசாரணையும் ஒரே அத்தியாயத்தில் அமைந்துள்ளன. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவர் ஆகார் என்பது நபிவழி நமக்குக் காட்டும் நெறி. பிஸ்மில்லாஹ் கூறித் தொடங்கி அல்ஹம்துலில்லாஹ் கூறி முடிக்கும் நாம், அவ்விரு சொற்களுக்கும் இடையில் அந்தக் கைகளையும் ஒருமுறை நினைப்போமாக. அவற்றுக்குரியதைச் செலுத்தி உண்ணும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.